சக்கரக் குடமும் உருளைத் தாங்கியும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலே, ஆரக்கால்கள் எல்லாம் வந்து கூடுகின்ற பருத்த மரத்துண்டுக்குக் குடம் என்று பெயர். வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் அது. மோட்டார் வண்டி வந்தபின் அதே உறுப்பை 'ஹப்' என்று பட்டறைகளில் வழங்கத் தொடங்கினர். சொல் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. வண்டியின் பாரமெல்லாம் அச்சிலிருந்து சக்கரத்துக்கு இறங்குவது இந்த ஓரிடத்தின் வழியாகத்தான். அச்சு சுழலாமல் நிற்க வேண்டும். அதன்மேல் குடம் தடையின்றிச் சுழல வேண்டும். நிற்பதற்கும் சுழல்வதற்கும் இடையே இருந்து பாரத்தைச் சுமக்கும் உறுப்பே 'பேரிங்' என்று எல்லாரும் சொல்லும் தாங்கி.

மலைப்பாதையில் இந்த இடமே முதலில் நோகும் என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்துவிட்டால் என் செய்வது என்று அஞ்சி, மற்றோர் அச்சினை வண்டியின் அடியிலே கட்டிக்கொண்டு போயினர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். புறநானூற்றிலே ஔவையார் ஒரு தலைவனைப் புகழ அந்தச் சேமவச்சையே உவமையாக எடுத்தார். இன்று வண்டியில் சேமச் சக்கரம் ஒன்று தொங்குகிறது. அச்சையும் தாங்கியையும் பற்றி நினைப்பவர் சிலரே.

நினைத்தே தீரவேண்டிய ஊர்களும் உண்டு. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப்புக்குச் செல்லும் சாலையின்மேல் அமைந்த கியா பார்ம் அவற்றுள் ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரைத் தாண்டிய உயரம். சுற்றிலும் சரிவுகளிலே காய்கறித் தோட்டங்கள். அருகிலிருந்து பிரிந்து போகும் குறுகிய பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. இந்த வட்டாரத்தில் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளைக் காணாமல் ஒரு கல் தொலைவு நடக்க முடியாது. வேறிடங்களில் காட்சிப் பொருளாகிவிட்ட வண்டிகள் இங்கே இன்னும் கோசும் தக்காளியும் உர மூட்டையும் சுமக்கின்றன.

லேண்ட்ரோவர் பிறந்தது 1948-இல். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் எண்ணத்தில் உருவான அவ்வண்டி, அவ்வாண்டு ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய இரும்புப் பஞ்சத்தால் மேலுடலை அலுமினியக் கலவையால் செய்தனர். துருப்பிடிக்காத அந்த உடலே மழை மிகுந்த மலைநாட்டில் அவ்வண்டி நீடித்து உழைக்க ஒரு காரணமாயிற்று. ஆனால் சக்கரக் குடத்துக்குள்ளே இருப்பது அலுமினியம் அன்று, எஃகு. எஃகு துருப்பிடிக்கும். கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

உராய்வும் உருளலும்

தாங்கியின் தத்துவம் எளிது. அரிசி மூட்டையைத் தரையில் இழுத்தால் இழுப்பவனுக்கு வியர்த்துக் கொட்டும். அதையே ஒரு பலகையில் ஏற்றி, பலகையின் அடியில் நான்கு மூங்கில் துண்டுகளைக் குறுக்கே இட்டுத் தள்ளினால் சிறுவனும் தள்ளிவிடுவான். இழுப்பதில் பொருள்மேல் பொருள் உராய்கிறது; தள்ளுவதில் இடையிலுள்ளது உருள்கிறது. மாட்டுவண்டி முதல் வகையைச் சேர்ந்தது. குடத்தின் துளைக்குள் அச்சு உராய்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மையை அடிக்கடி இட்டார்கள்; இடாத வண்டி ஊரைக் கூட்டும்படி கத்திற்று.

அச்சுக்கும் குடத்துக்கும் இடையே குண்டுகளைப் போட்டு உருளச் செய்யலாம் என்னும் கருத்துக்கு 1794-இலேயே வேல்ஸ் நாட்டுப் பிலிப் வாகன் என்பவர் காப்புரிமை பெற்றார். வண்டி அச்சுக்காகவே அவர் அதைக் கண்டார். எனினும் அது பரவவில்லை. ஒரே அளவான குண்டுகளை வார்த்தெடுக்கும் திறம் அன்று இல்லை. நூறு குண்டுகளில் ஒன்று மயிரளவு பெரிதாயிருந்தாலும் பாரம் முழுவதும் அந்த ஒன்றின் தலையில் விழும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துப் பிரீட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளைச் சீராகத் தீட்டும் இயந்திரத்தை அமைத்த பின்னரே குண்டுத் தாங்கி உலகுக்குப் பயன்பட்டது. கருத்து ஒருவருடையது; அதற்குக் கைகால் கொடுத்தவர் மற்றொருவர்.

குண்டு உருளையைக் காட்டிலும் மெல்லிய தொடுபுள்ளி உடையது. கனத்த வண்டிக்கு நீண்ட உருளைகளே ஏற்றவை. ஆனால் நேர் உருளைகளுக்கு ஒரு குறை உண்டு. மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் சாலை சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சுமார் 60 கிலோமீட்டர்ப் பாதையில் வளைவில்லாத துண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் குதிரைவண்டி செய்து வந்த ஹென்றி டிம்கன். 1898-இல் அவர் காப்புரிமை பெற்ற தாங்கியில் உருளைகள் நேராயில்லாமல் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருந்தன. வேர்க்கடலைக்காரர் சுருட்டும் காகிதக் கூம்பை மேசைமேல் உருட்டிப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். கூம்பு நேராக ஓடாது. தன் கூர்முனையை நடுவாக வைத்து வட்டமிடும். டிம்கன் தாங்கியில் உருளைகள், உள்வளையம், வெளிவளையம் மூன்றும் கூம்பின் துண்டுகளே. அவற்றின் சரிவுகளை நீட்டிக் கொண்டே போனால் எல்லாம் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். ஆகையால் உருளைகள் வழுக்காமல், தம் இயல்பான வட்டத்திலேயே உருளுகின்றன. சாய்வாக இருப்பதால் மேற்பாரத்தையும் பக்கத் தள்ளலையும் ஒருங்கே ஏற்கின்றன.

ஒரு கூம்புத் தாங்கி ஒரு பக்கத் தள்ளலைத்தான் ஏற்கும். ஆதலின் குடத்துக்குள் இரண்டு தாங்கிகள், சிறுத்த முனைகள் ஒன்றையொன்று நோக்க அமைகின்றன. சாலை சக்கரத்தை உள்ளே தள்ளும்போது ஒன்று எதிர்த்து நிற்கும். வெளியே இழுக்கும்போது மற்றது. இப்படி அமைப்பதால் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் சேர்ந்து வருகின்றன. அச்சுமுனையிலுள்ள நட்டைத் திருகினால் உள்வளையங்கள் நெருங்கி உருளைகள் இறுகும். தளர்த்தினால் ஆட்டம் கொடுக்கும். எவ்வளவு இறுக்குவது என்பதைத் தாங்கி தீர்மானிப்பதில்லை. நட்டைத் திருகுகிற கை தீர்மானிக்கிறது.

மலையில் தாங்கி கெடும் வகை

தக்க எஃகில் செய்த தாங்கி, பாரம் தாங்காமல் கெடுவது அரிது. தண்ணீர் புகுந்தோ, இறுக்கம் தவறியோதான் பெரும்பாலும் கெடுகிறது.

தண்ணீர் புகும் வழியைக் கவனித்தல் வேண்டும். இரண்டு டன் எடையுள்ள வண்டி கியா பார்மிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது என்று கொள்வோம். இறக்கம் 1,400 மீட்டருக்குக் குறையாது. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்குவதால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 2 கோடியே 70 இலட்சம் ஜூல். 20 பாகைச் சூட்டிலுள்ள 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கை இயந்திரமும் காற்றும் ஏற்றுக்கொண்டாலும் எஞ்சியது பிரேக் டிரம்களில் சூடாக மாறுகிறது. டிரம் குடத்தோடு பிணைந்தது. குடம் சூடேறி, அதனுள் இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். அந்தச் சூட்டோடு ஒரு நீரோடையில் இறங்கினாலோ, வண்டியை நிறுத்தி உடனே குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினாலோ, குடம் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து இழுக்கும். வெளியில் இருப்பது தண்ணீரானால் தண்ணீரையே இழுக்கும். தேய்ந்துபோன 'ஆயில் சீல்' அதைத் தடுக்காது.

தோட்டத்துச் செம்மண் சேற்றைப் போக்க அழுத்தக் குழாயால் சக்கரத்தின் நடுவிலேயே குறிவைத்து அடிக்கும் வழக்கம் இதற்கு ஒப்பான கேடு. வண்டி பளிச்சென்றிருக்கும், தாங்கிக்குள் சேறு போயிருக்கும். கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்ததென்று அறியலாம். ஓரிரவு நின்றால் போதும். உருளையும் வளையமும் தொடும் கோடுகளில் துரு அரித்துச் சிறு குழிகள் விழும். அவை தாமே ஆறுவதில்லை. சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு நானூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் எல்லாம் அந்தக் குழிகளில் இறங்கி ஏறினால் விளிம்பு உதிரும். உதிர்ந்த எஃகுத்தூள் மற்ற இடங்களையும் கீறும்.

கெடத் தொடங்கிய தாங்கி முதலில் குரல் கொடுக்கும். வேகம் கூடக் கூட உயரும் ஓர் உறுமல் அது. டயரின் ஓசையிலிருந்து அதைப் பிரித்தறிய ஒரு வழியுண்டு. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் சாய்கிறது. அப்போது உறுமல் மிகுந்தால் வலத் தாங்கியை ஐயுறலாம். வலப்பக்கம் திரும்பும்போது மிகுந்தால் இடத்தை. மலைச்சாலையில் இச்சோதனைக்கென்று தனியே இடம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது ஆட்டம். சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் கைவைத்து அசைத்தால் 'டக் டக்' என்று ஆடும். ஆனால் அந்த ஆட்டம் தாங்கியிலிருந்து வருகிறதா, சக்கரம் திரும்புவதற்கு உதவும் கிங்பின்னிலிருந்து வருகிறதா என்பது கையில் தெரியாது. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மற்றவர் அசைக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் குற்றம் தாங்கியுடையது. மறையாமல் நின்றால் கிங்பின்னுடையது. இந்தச் சிறு சோதனையைச் செய்யாததால் நல்ல தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட கிங்பின்னோடு வண்டியை அனுப்பிய பட்டறைகள் எத்தனையோ.

உறுமலையும் ஆட்டத்தையும் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? உருளைகள் சிதைந்து தாங்கி இறுகிக்கொள்ளும். பிறகு உள்வளையம் அச்சுமுனையின் மேலேயே சுழலத் தொடங்கும். இருநூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும் வேலை, அச்சுமுனையையும் குடத்தையும் தின்றுவிடும். அதுவும் நடுச்சாலையில் நடந்தால் காசோடு போகாது. முன்சக்கரம் கழன்ற வண்டியைத் திருப்பவும் முடியாது, நேராக வைக்கவும் முடியாது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம்.

மாற்றும் முறை

பழைய லேண்ட்ரோவரின் முன்சக்கரத் தாங்கியை மாற்றுவது பெரிய வித்தை அன்று, பொறுமை வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டைப் பிடிப்பது. ஆகவே அதை மட்டும் நம்பலாகாது. சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்குகாலின்மேல் அச்சை இருத்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று.

சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் எடுத்தபின் உள்ளே படிந்திருக்கும் கருந்தூளை ஊதித் தட்டக்கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக் கொல்லும் நோய்களை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

பிறகு நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் ஸ்பிலிட் பின் செருகிய நட்டு ஒன்று தெரியும். அதை நீக்கி, சுற்றியுள்ள ஆறு போல்ட்டுகளையும் கழற்றினால், இயந்திரத்தின் சுழற்சியைக் குடத்துக்குக் கொடுக்கும் 'டிரைவ் பிளேஞ்ச்' கையோடு வரும். அதற்குப் பின்னேதான் முக்கியமான இடம். ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு பெரிய நட்டுகள், இடையே மடிக்கப்பட்ட ஒரு மெல்லிய லாக் வாஷர். உள்நட்டு இறுக்கத்தை அமைப்பது. வெளிநட்டு அதைப் பூட்டுவது. இவற்றுக்குரிய குழாய் ஸ்பேனர் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு தட்டித் திருகுவதைச் சாலையோரங்களில் காணலாம். நட்டின் முனைகள் மழுங்குவது மட்டுமன்று, எவ்வளவு இறுக்கினோம் என்ற உணர்வே கைக்கு எட்டாமல் போகிறது.

நட்டுகளை எடுத்துக் குடத்தை நேராக இழுத்தால் வெளித்தாங்கியின் உருளைகள் முதலில் விழ வரும். கைகொடுத்துப் பிடிக்க வேண்டும். உள்தாங்கி, ஆயில் சீலுக்குப் பின்னே இருக்கும். வெளிவளையங்கள் இரண்டும் குடத்துக்குள் இறுக அடிக்கப்பட்டவை. பித்தளைத் தண்டு ஒன்றை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல், எதிரெதிரே மாறிமாறித் தட்டி வெளியேற்ற வேண்டும்.

இங்கே பலர் செய்யும் சிக்கனம் ஒன்றுண்டு. வெளிவளையம் பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்று அதை விட்டுவிட்டு, உருளைகளோடு கூடிய உள்வளையத்தை மட்டும் புதிதாகப் போடுவார்கள். உருளையும் வளையமும் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை. பழைய வளையத்தில் ஓடும் புதிய உருளை விரைவில் கெடும். இரண்டையும் இணையாகவே மாற்றுதல் வேண்டும். வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைக் கண்டு மயங்குவதும் கூடாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரையோடு போலித் தாங்கிகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. பாதி விலையில் கிடைப்பது பெரும்பாலும் பாதி உழைப்புக்கும் வராது.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்தபின் அச்சுமுனையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சீலின் உதடு படும் இடத்தில் நகம் மாட்டும்படி பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் தண்ணீர் புகும். அவ்விடத்து வளையத்தை மாற்றியே ஆகவேண்டும். புதிய வெளிவளையத்தை அடித்து இறக்கும்போது காது உதவி செய்யும். இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஓசை ஒருவிதம். அடியில் போய் அமர்ந்ததும் கணீரென்று மாறும். மாறாவிட்டால் இன்னும் அமரவில்லை.

கிரீஸைத் தாங்கியின் மேலே பூசுவதால் பயனில்லை. உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸை வைத்து, தாங்கியின் பருத்த பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். பழைய கிரீஸோடு வேறுவகைக் கிரீஸைக் கலக்கலாகாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். குடத்தின் குழிவு முழுவதையும் அடைத்து நிரப்புவதும் தவறு. சூட்டில் விரிவதற்கு இடமில்லாத கிரீஸ், சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் கட்டைமேல் வழியும். சீலின் உதடு உட்பக்கம், அதாவது கிரீஸ் இருக்கும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும்.

ஒரு தாள் கனம்

இனி நட்டை இறுக்குவது. 'முன்சக்கரமாயிற்றே, நன்றாக இறுக்கு' என்று வண்டிக்காரர் சொல்வார். நன்றாக இறுக்கினால்தான் பாதுகாப்பு என்பது உலக வழக்கு. கூம்புத் தாங்கிக்கு அது பொருந்தாது. ஓட ஓடக் குடத்துக்குள் சூடு ஏறும். உறுப்புகள் எல்லாம் ஒரே அளவில் சூடாவதுமில்லை, ஒரே அளவில் விரிவதுமில்லை. முன்னமே இறுகிக் கிடக்கும் தாங்கியில் அந்த மாறுதலுக்கு இடமேது? உருளைகள் நசுங்கும், இடையிலுள்ள கிரீஸ்ப் படலம் பிழிந்து போகும், சூடு இன்னும் ஏறும், ஏறிய சூடு இன்னும் இறுக்கும். கழற்றிய தாங்கியில் உருளைகள் நீலமும் பழுப்புமாய் நிறம் மாறியிருந்தால் இப்படித்தான் வெந்து போயிற்று என்று கொள்ளலாம். தளர்வாய் விட்டாலோ உருளைகள் வளையத்தை ஒவ்வொரு குழியிலும் சுத்தியல்போல் அடிக்கும். சீல் ஒருபுறம் திறந்து கொடுக்கும்.

ஆகவே இரண்டுக்கும் நடுவே, குடம் அச்சின் நீளவாக்கில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அசையும்படி அமைக்க வேண்டும். அது எழுதுகின்ற தாள் ஒன்றின் கனம். குடத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்நட்டை முதலில் இறுக்குவது, உருளைகள் தத்தம் இடத்தில் அமர்வதற்காக; சுற்றாமல் இறுக்கினால் கோணலாக நின்றுவிடும். பின்பு சிறிது தளர்த்தி, டயல் அளவியை வைத்து, குடத்தை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டத்தைப் படிக்க வேண்டும். அளவு சரியானதும் புதிய லாக் வாஷரை இட்டு வெளிநட்டைப் பூட்டுவது. பூட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால் வெளிநட்டை இறுக்கும்போது திருகுப்புரிகளில் உள்ள இடைவெளி ஒடுங்கி, அமைத்து வைத்த ஆட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மறுபடியும் அளக்க வேண்டும். குறைந்திருந்தால் கழற்றி மறுபடியும் அமைக்க வேண்டும். நல்ல கைகாரரும் இரண்டு மூன்று முறை முயல்வது உண்டு. கடைசியில் வாஷரின் விளிம்பை நட்டின் தட்டையான பக்கங்களின்மேல் மடக்கிவிட வேண்டும். மடக்காமல் விட்ட நட்டு, சக்கரத்தின் சுழற்சியிலேயே மெல்ல மெல்லக் கழலும்.

டயல் அளவி இல்லாத பட்டறைகளில் அனுபவமே அளவி. பல்லாண்டு பழகிய விரல்கள் தாள் கனத்தை உணர்ந்துவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அளவியின் விலை ஒரு நல்ல தாங்கியின் விலைக்கு மிகுதியில்லாத இக்காலத்தில், விரலை மட்டும் நம்புவதற்கு ஒரு நியாயமும் இல்லை. விரல் உணர்வதைப் பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. அளவி காட்டும் எண்ணை அவனும் படிப்பான்.

புதிய வண்டிகளின் கதை வேறு. இப்போது மலையில் ஏறும் 'பிக்கப்' வண்டிகளிலும் கார்களிலும் பெரும்பாலும் குடமும் தாங்கியும் ஒரே உறுப்பாகச் சேர்ந்து, கிரீஸ் அடைத்து, முத்திரையிட்டு வருகின்றன. ஆட்டம் எவ்வளவு என்பதைத் தொழிற்சாலையே அமைத்துவிடுகிறது. கெட்டால் முழு உறுப்பையும் மாற்ற வேண்டியதே. மாற்றுகிறவர் நடு நட்டைத் தளர்வாய் விட்டால் அதுதான் கேடு; நூலில் குறித்த முறுக்குவிசைக்கு, அதற்குரிய ஸ்பேனரால், உறுதியாக இறுக்கியாக வேண்டும். இறுக்குமுன் சக்கரத்தின்மேல் வண்டியின் பாரத்தை இறக்கினால் உள்வளையங்கள் விலகிப் புதிய உறுப்பே பழுதாகலாம். பல வண்டிகளில் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்கருவிக்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் காந்த வளையம் தாங்கியின் ஒரு முகத்திலேயே இருக்கிறது. அந்த முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பொருத்தினால் சக்கரம் சுழலும், எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையாது.

ஆக, ஒரே பட்டறையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு வேறு விதிகள். ஒன்றில் தாள் கனம் விட வேண்டும். மற்றொன்றில் முழு விசையோடு இறுக்க வேண்டும். பழைய வண்டியில் பழகிய கை புதியதைத் தளர விடுவதும், புதியதில் பழகிய கை லேண்ட்ரோவரை முறுக்கி வேக விடுவதும் கேமரன் மலை போன்ற இடங்களில் எளிதில் நேரக்கூடியவை. பள்ளிக்கூடத்து இயற்பியல் பாடத்தில் உராய்வைப் பற்றிப் படித்துவிட்டுப் பட்டறைக்குள் நுழையும் மாணவனுக்கு, இவ்விரண்டு குடங்களையும் அருகருகே கழற்றி வைத்துக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

மாற்றியபின் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்தி, குடத்தின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது வழக்கம். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடானால், அல்லது எதிர்ப்பக்கக் குடத்தைவிட வெளிப்படையாக மிகுந்திருந்தால், இறுக்கம் தவறிவிட்டது. இரவோடு இரவாக ஓட்டிச் செல்லாமல் அங்கேயே கழற்றிப் பார்ப்பது நலம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆட்டத்தை மீண்டும் ஒருமுறை அளந்து கொள்ள வேண்டும். புதிய வளையங்கள் அமர்ந்து சற்று இடம் விட்டிருக்கும். கழற்றிய பழைய வெளிவளையங்களை எறிந்துவிட வேண்டாம். அவற்றின் வெளிவிளிம்பைச் சிறிது தேய்த்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை புதிய வளையத்தின்மேல் வைத்துக் கோணாமல் அடித்து இறக்க அதைவிடப் பொருத்தமான கருவி கடையில் கிடைக்காது.